நாற்பத்தெட்டு வளைவுகள்

இத்தாலியின் வடபாலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்குப் பிராட்டோவிலிருந்து ஏறும் பாதையில் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. அடிவாரத்தில் 48, உச்சியருகே 1. 1820 முதல் 1825 வரை ஆஸ்திரியர் ஆட்சியில் கார்லோ டொனேகானி என்னும் பொறியியலாளர் குதிரை வண்டிகளுக்கென வகுத்த வழி இது. துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் அவர் புண்ணியவாளரே!

இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து ஓராண்டு கழிந்த என் மனைவி, வைத்தியரின் சம்மதத்துடன், எனக்கு முன்னே மிதித்துச் சென்றாள். 22ஆம் வளைவில் அவள் வண்டியை விட்டு இறங்கி நின்றதும் என் நெஞ்சு துணுக்குற்றது. திரும்பிவிடலாம் என்றேன்.

"இஞ்சாருங்கோ, இன்னும் இருபத்திரண்டு தானே கிடக்கு!" என்று மீண்டும் ஏறினாள்.

2,757 மீற்றர் உயரத்திலுள்ள உச்சியில் நான் அவளது நாடியைப் பிடித்துப் பார்க்க, அவளோ இறக்கத்துக் குளிர் தாக்காதிருக்கப் பழைய பத்திரிகைத் தாளை மடித்து என் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.