குளிக்காத குற்றாலத்துக்காரன்!

வெளியூரில் யாரிடமாவது, ‘எனக்குச் சொந்த ஊர் குற்றாலம்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி முகத்தில் சட்டென்று ஒரு பொறாமை மின்னும். “கொடுத்து வைச்ச ஆளு சார் நீங்க... தெனமும் அருவிக் குளியல்தான்!” என்பார். அடியேன் குளிப்பது பாத்ரூமில், பச்சைக் கலர் பிளாஸ்டிக் வாளியில். பேரருவி என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இருந்தும் சீசனில் நான் அருவியில் தலை நனைத்து வருஷம் ஆறு ஆகிறது.

காரணம், காற்று. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, போகிற போக்கில் எங்கள் ஊரில் சாரலைத் தூவுகிறது. ஜனங்கள் அருவிக்கு ஓடுகிறார்கள். அதே காற்று இன்னும் கொஞ்சம் கிழக்கே போய், சுரண்டைப் பக்கம் நிற்கிற காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. நான் அங்கே ஓடுகிறேன். அருவிக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் டியூட்டி!

பெண் பார்க்கப் போனபோது மாமனார் கேட்டார்:

“மாப்ளைக்கு என்ன ஜோலி?”

“சர்வோ டிரைவ் மெயின்டனன்ஸ்.”

“அப்ப பெட்ரோல் பங்க்னு சொல்லுங்க. சர்வோ ஆயில் நல்ல ஆயிலாச்சே!”

மறுத்துப் பேசினால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று சிரித்து வைத்தேன். இன்றைக்கும் அவர் மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றும்போது என்னிடம்தான் யோசனை கேட்கிறார்.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். சாதா மோட்டாருக்கு ஸ்விட்சைப் போட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். எங்கே நிற்கிறோம் என்பது அதற்கே தெரியாது. சர்வோ அப்படியல்ல. ‘பன்னிரண்டு டிகிரி திரும்பு’ என்று டிரைவ் உத்தரவு போடும். மோட்டாரின் வாலில் உட்கார்ந்திருக்கிற என்கோடர், ‘பதினொன்றரைதான் திரும்பியிருக்கு’ என்று கோள் சொல்லும். ‘இன்னும் அரை!’ என்று டிரைவ் விரட்டும். தக்காளி வாங்க அனுப்பிவிட்டு, ‘எங்க இருக்கீங்க... வாங்கியாச்சா... நாட்டுத் தக்காளிதானே?’ என்று வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்குமே, அதே சித்தாந்தம்தான். லத்தீனில் ‘சர்வஸ்’ என்றால் அடிமை என்று அர்த்தமாம். கல்யாணமானவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

காற்றாலையின் மூன்று இறக்கைகளுக்கும் ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு டிரைவ். காற்று அளவுக்கு மேல் அடித்தால் இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது இவைதான். திடீரென்று கரண்ட் போய்விட்டால்? அதற்குத்தான் ஒவ்வொரு இறக்கைக்கும் தனித்தனியாக பாட்டரிப் பெட்டி. அந்தப் பலத்தில் இறக்கை தொண்ணூறு டிகிரி திரும்பி, காற்றுக்குப் பிடி கொடுக்காமல் விளிம்பைக் காட்டி நின்றுவிடும். ராட்சசனுக்கு பிரேக்கே இதுதான்.

இந்தச் சரக்கெல்லாம் இருக்கிற இடம் 80 மீட்டர் உயரத்தில், இறக்கைகள் சேருகிற மூக்குக்குள். அந்த மூக்கும் சேர்ந்தே சுற்றும். நிமிஷத்துக்கு 15 சுற்று என்றால் ஒரு நாளைக்கு 21,600 தடவை உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூவும் தலைகீழாகி நிமிர்கிறது. (சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் இருப்பதாகச் சொல்லும் ஓட்டுக் கணக்கும் இதே 21,600தான், மனுஷனின் ஒரு நாள் மூச்சுக் கணக்காம். இதை ஹெல்பர் பையனிடம் சொன்னபோது அவன் டார்ச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கும்பிட்டான்.) இத்தனை குட்டிக்கரணத்தில் டெர்மினல் தளராமல் என்ன செய்யும்? அதனால் சீசனுக்கு முன்னால், மார்ச் - ஏப்ரலிலேயே ஏறி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஃபேன் பில்ட்டரில் அடைந்திருக்கிற செம்மண் புழுதியை எடுக்காவிட்டால், ஜூனில் ஈரக்காற்று வந்து அதைச் சேறாக்கிவிடும். ரோட்டரைப் பூட்டாமல் உள்ளே போகக் கூடாது. மெயினை அணைத்த உடனே டிரைவைத் தொடவும் கூடாது. உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் இன்னும் மிச்சமிருக்கும். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருப்பான்.

கடைசியாக பாட்டரி டெஸ்ட். மெயினைத் துண்டித்து, வெறும் பாட்டரியில் இறக்கை முழுசாகத் திரும்புகிறதா, அப்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. பொழுதைத் தின்கிற வேலை. ஏப்ரல் வெயிலில் அந்த மூக்குக்குள் உட்கார்ந்திருப்பது இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல். அன்றைக்கு மச்சினனுக்கு நிச்சயதார்த்தம். நாலு மணிக்குள் சங்கரன்கோவிலில் இருக்க வேண்டும். இரண்டு பெட்டி முடிந்தபோதே மணி இரண்டரை.

“அண்ணாச்சி, மூணாவது பாக்ஸ் பாக்கலியே?” என்றான் ஹெல்பர்.

“போன வருஷம் ஜம்முன்னு இருந்துச்சுலே. போடு டிக்கை.”

அவன் போட்டான். கீழே கையெழுத்து நான் போட்டேன்.

பாட்டரிக்கு வெயில் ஆகாது. உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகிவிடும் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ‘போன வருஷம் நல்லா இருந்துச்சு’ என்பதெல்லாம் பாட்டரியிடம் செல்லாது. இது எனக்குத் தெரியாததா? தெரியும் சார். நிச்சயதார்த்த கேசரியும் கண்ணுக்குத் தெரிந்ததே!

ஜூலையில் ஒரு ராத்திரி. சரியான காற்று. லைனில் ஏதோ கோளாறாகி கரண்ட் போனது. இரண்டு இறக்கைகள் சமர்த்தாகத் திரும்பின. மூன்றாவது பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டு திரும்பினாலே மெஷின் அடங்கிவிடுகிற மாதிரி வடிவமைத்திருந்த புண்ணியவானால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால், காற்று தணிந்தால்தான் மூக்குக்குள் போக முடியும். அது தணிந்தால்தானே? சுற்றிலும் எல்லாக் காத்தாடியும் சுழன்று பணம் கொட்ட, எங்கள் மெஷின் மட்டும் ஒன்பது நாள் சும்மா நின்றது. ஊரெல்லாம், ‘இந்த வருஷம் சீசன் டாப்பு’ என்று பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

பத்தாம் நாள் என்கொயரி. இன்ஜினீயர் ஷீட்டைப் புரட்டினார்.

“டிக் யார் போட்டது?”

“ஹெல்பர் சார்.”

“காண்ட்ராக்ட் பையன்தானே? கனெக்‌ஷன் சரியா மாட்டியிருக்க மாட்டான். நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

நான் ‘ஙே’ என்று நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. பையன் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி வீட்டில் புரண்டு புரண்டு படுத்தேன். “என்ன, முதுகு வலியா?” என்றாள் மனைவி. சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அந்தப் பையனுக்குப் போன மாசம்தானே கல்யாணம்? நாமதான் குத்துவிளக்கு கொடுத்தோம்” என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். என் தூக்கம் போயே போய்விட்டது.

காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்று, “டெஸ்ட் பண்ணாம டிக் போடச் சொன்னது நான்தான் சார்” என்றேன். இன்ஜினீயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் கிடைத்த அர்ச்சனையை இந்தப் பத்திரிகை அச்சிடாது. அந்த வருஷ இன்கிரிமென்ட் காலி. பையன் வேலை தப்பியது.

ஆனால், அவன் என்னை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். “ஸ்பேனர் சார்... டார்ச் சார்... கீழ இறங்கலாமா சார்?” இன்கிரிமென்ட் போனதைவிட இந்த ‘சார்’தான் அதிகம் வலித்தது.

ஷீட்டை மாற்றச் சொல்லி மனுப் போட்டேன். டிக் போடுகிற கட்டத்தை எடுத்துவிட்டு, டெஸ்டில் வோல்டேஜ் எவ்வளவுக்கு இறங்கியது, இறக்கை திரும்ப எத்தனை செகண்ட் ஆனது என்று நம்பராக எழுதுகிற கட்டம். டிக்கை எங்கே உட்கார்ந்தும் போடலாம். நம்பருக்கு மீட்டரை வைத்தே ஆக வேண்டும். ஆச்சரியம், மேலிடத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த ஏப்ரல். அதே மெஷின், அதே இட்லிக் கொப்பரை. மணி இரண்டரை. இரண்டு பெட்டி முடிந்து, நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பையன் ஷீட்டை முட்டியில் வைத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

“மூணாவது பாக்ஸ் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க, எழுதணும்” என்றவன், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டான். “நிதானமாப் பாருங்க அண்ணாச்சி.”