மைனஸ் ஐந்து முதலில்

இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்துக்குப் பழைய கணிப்பொறிப் பலகை ஒன்று கிடைத்தது. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தோழியின் தந்தை, அங்கே கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, சத்துவாச்சாரி வரை பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார். அதில் 4116 என்னும் நினைவகச் சில்லுகள் எட்டு இருந்தன. 1976-ல் வெளிவந்த வகை. ஒன்றில் 16,384 பிட்டுகள். எட்டும் சேர்ந்தால் 16 கிலோபைட். 1982-ல் வந்த சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறியிலும் இவையே இருந்தன.

கண்காட்சிக்கு நான்கே நாட்கள். "விவரத்தாளைப் படித்துவிட்டுத் தொடுங்கள், பிள்ளைகளா" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் வகுப்புக்குப் போனார். நாங்கள் படிக்கவில்லை. சோதனைப் பலகையில் ஒரு சில்லைச் செருகி, 12 வோல்ட் ஸ்விட்சை முதலில் போட்டோம். சில்லைத் தொட்டுப் பார்த்தவள் "ஐயோ!" என்று கையை உதறினாள். அவ்வளவுதான், எட்டு ஏழாயிற்று.

பிறகுதான் படித்தோம். இந்தச் சில்லுக்கு மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும்: 1-ஆம் காலுக்கு மைனஸ் 5, 9-க்கு பிளஸ் 5, 8-க்கு பிளஸ் 12. 16-ஆம் கால் தரை. (சாதாரணப் பதினாறு கால் சில்லுகள் பலவற்றில் 8-தான் தரை! இங்கேயும் ஏமாந்திருப்போம்.) மைனஸ் 5, சில்லின் அடித்தளத்தை எதிர் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. அது இல்லாமல் 12 வந்தால், ஓடக்கூடாத வழிகளில் மின்னோட்டம் பாய்ந்து சில்லைச் சுட்டுவிடும். ஆகவே மைனஸ் 5 முதலில் வந்து, கடைசியில் போக வேண்டும். பின்னாளில் வந்த 4164-க்கு 5 வோல்ட் ஒன்றே போதும், கொடுத்து வைத்தவர்கள்!

சிஸ்டர் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. தோழியின் தந்தையிடம் நாங்களே போய்ச் சொன்னோம். "தோலைச் சுண்ணாம்பில் போடாம நேரே பதனிடப் போட்டா எங்க மேஸ்திரி என்னம்மா சொல்லுவாரு?" என்று சிரித்தார்.

பிறகு ஒரு ரிலே வைத்தோம். அதன் சுருள் மைனஸ் 5-ல் ஓடும். அது இல்லையென்றால் மற்ற இரண்டும் சில்லுக்குப் போகா. மைனஸ் 5 பாதையில் பெரிய கண்டென்சர், 12-ன் பாதையில் மிச்சத்தை வடிக்க ஒரு ரெசிஸ்டர். வெறும் சாக்கெட்டில் மல்டிமீட்டரால் நான்கு கால்களையும் அளந்த பிறகே சில்லைச் செருகினோம்.

கண்காட்சி நடுவே மின்சாரம் போயிற்று. ரிலே 'டக்' என்றது. எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. மின்சாரம் வந்ததும் சோதித்தோம், சில்லுக்கு ஒன்றுமில்லை. ஏழும் தேறின. ஆனால் வந்த பெற்றோர் எல்லாரும் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கிடத்தியிருந்த எட்டாவதைப் பற்றியே கேட்டார்கள்.