கை நடுங்குது தம்பி!

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் கண்டக்டர். பஸ்ஸில் அல்ல, சர்ச் கொயரில். 30 வருஷம், சம்பளமில்லாத உத்தியோகம்!

இப்போது நாலு பசங்களுக்குப் பயிற்சி. நாலு தாளத்துக்குக் கை கீழே, இடது, வலது, மேலே. ‘இவ்வளவுதானா? காமர்ஸ் படித்தவனுக்கு நாலு எண்ணத் தெரியாதா?’ என்றேன்.

‘‘நீங்களே நடத்துங்க.’’

கையைப் படக்கென்று இறக்கினேன். ஆளுக்கொரு நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

‘‘முதல்ல கையைத் தூக்கி மூச்சிழுக்கணும் தம்பி. நீங்க இழுத்தாத்தான் அவங்களும் இழுப்பாங்க.’’

‘‘இப்ப எதுக்கு இந்தப் பயிற்சி?’’

வலது கையை நீட்டினார். லேசாக நடுங்கியது. ‘‘இதையும் தாளம்னு நினைச்சுப் பாடிடுதாங்க!’’

ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் கையைத் தூக்கினான். கடைசி வரிசையில், பேஸ் பாடுகிறவர்களோடு நின்ற அண்ணாச்சி மூச்சிழுத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நானும்தான்.