அத்தையின் கையெழுத்து

வீட்டை விற்பனைக்கு ஆயத்தம் செய்வதில் சுவருக்கு வண்ணம் பூசுவது சிறு பகுதிதான். அவ்வீடு யாருடையது என்பதை ஆவணங்களால் நிறுவுவதே பெரும்பணி. பெங்களூரு மல்லேசுவரத்தில் தாத்தா தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்காக மூலப்பத்திரம், கத்தா, வரி ரசீதுகள், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் திரட்டிவிட்டோம். தாத்தா உயில் எழுதவில்லை, பாட்டியும் இன்றில்லை. வாரிசுகள் அப்பாவும் அத்தையும். “அவங்க ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாப் போதும்” என்றார் வழக்கறிஞர். பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம் அது.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு அளித்தது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு, குடும்பத்தாரே குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கோர இயலாது என்றது. கணவருடன் வாழும் மகளுக்கு அவ்வீட்டில் வசிக்கும் உரிமையைக்கூட அது தரவில்லை. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை நீக்கியது. வழக்கமோ விடுதலைப் பத்திரத்தின் வடிவில் நீடிக்கிறது. சகோதரிகளிடம் கையெழுத்து கேட்கப்படுகிறது. பங்கு வேண்டுமா என்று கேட்கப்படுவதில்லை.

அப்பா அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, அதில் பாதி அவருடையது என்று சொன்னார். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அத்தை கேட்டார்: “கிரயப் பத்திரத்துல என் பேரும் வருமாண்ணா?”

வரும். விற்பவர்கள் இருவர் என்றே பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறோம்.