மூணு புள்ளியும் ஒரு கொல்லிமலைக் கல்வெட்டும்

சாஃப்ட்வேர்ல இருக்கேன்னு சொன்னா ஊர்ப்பக்கம் என்ன வேலை வரும்னு உங்களுக்கே தெரியும். பிரிண்டர் ஓடலை, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, இப்படி. எனக்கு வந்தது கொஞ்சம் வித்தியாசம். நாமக்கல்லில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருத்தர், அப்பாவுக்கு நண்பர். கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் பற்றி இருபது வருஷமா சேர்த்த குறிப்புகளைக் கட்டுரையாக்கி, கலை வரலாற்று ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார். கட்டுரை நல்லா இருக்கு, எங்க முறைப்படி வடிவமைச்சு அனுப்புங்கன்னு பதினோரு பக்க விதிமுறையோட திரும்பி வந்துடுச்சு.

"தம்பி, இது கம்ப்யூட்டர் வேலையாட்டம் இருக்குது. ஒரு மணி நேரத்துல முடிச்சுருவீங்கல்ல?"

ஆறு வாரம் ஆச்சு :)

கட்டுரையை அடிச்சுக் குடுத்தது ஒரு தட்டச்சு மையம். தமிழுக்கு ஒரு பழைய எழுத்துரு, கிரந்தத்துக்கு வேற ஒண்ணு. யூனிகோடுக்கு மாத்தற நிரலி தமிழை ஒழுங்கா மாத்திடுச்சு, கிரந்தத்தைக் கஞ்சி காய்ச்சிடுச்சு. 'ஸ்வஸ்திஸ்ரீ'ன்னு தொடங்க வேண்டிய கல்வெட்டு எல்லாம் ஏதோ சாபம் மாதிரி தொடங்குது. கிரந்தத்துக்கு யூனிகோடில் இடம் கிடைச்சதே 2014ல்தான். கல்வெட்டில் நிலம் அளக்கற பின்னக் குறிகள் (மா, காணி, முந்திரி எல்லாம்) பலதும் உள்ளே வந்தது 2019ல். முந்திரின்னா 320ல் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன பங்கைக்கூட விடாம கல்லுல வெட்டிவெச்சிருக்கான், நம்ம கோப்புல அது ஒரு கட்டமா நிக்குது.

இதெல்லாம் உட்கார்ந்தா தீர்ற வேலை. தூக்கத்தைக் கெடுத்தது வேற, புள்ளி.

கல்வெட்டுப் பாடத்தை அச்சிட ஒரு மரபு இருக்கு. சிதைஞ்சு சந்தேகமா படிச்ச எழுத்து பகர அடைப்புக்குள்ள வரும். பதிப்பாசிரியர் தானா சேர்த்த எழுத்துன்னா அடைப்போட ஒரு உடுக்குறி. சுத்தமா அழிஞ்சுபோன இடத்துக்குப் புள்ளிகள். பேராசிரியர் கணக்கில் ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி. அடுத்தடுத்து மூணு புள்ளி அடிச்சா வேர்டு என்ன பண்ணும்? அழகா இருக்கட்டும்னு ஒரே குறியா சேர்த்துடும். அஞ்சு எழுத்து போன இடத்துல இப்ப ஒரு குறியும் ரெண்டு புள்ளியும். விதிமுறைப்படி அந்தக் குறிக்கு அர்த்தம் வேற: மேற்கோளில் கட்டுரையாளர் வேணும்னே விட்ட பகுதி. கல்லு இழந்ததும் மனுஷன் விட்டதும் ஒண்ணாகிப் போச்சு. பின்னாடி ஒருத்தர் அந்த இடைவெளியில ஒரு பேரைப் பொருத்திப் பார்க்கணும்னா, எத்தனை எழுத்துங்கறதுதான் கையில இருக்கற ஒரே தடயம்.

பேராசிரியரோட கையெழுத்து நோட்டு பல இடத்துல கைகொடுத்துச்சு. நனைஞ்சுபோன ரெண்டு பக்கத்துக்கு மட்டும் மலை ஏற வேண்டியிருந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. முப்பதாவதுக்கு மேல நான் எண்ணலை, வயிறு எண்ணிக்கிட்டிருந்தது. செம்மேடு தாண்டி, வளப்பூர் நாட்டுல அய்யாற்றங்கரையில கோயில். ஆகாயகங்கை பார்க்க வந்த கூட்டம் படி இறங்கிட்டிருந்தப்போ நாங்க சுவரோட ஒட்டி நின்னு, பக்கவாட்டுல டார்ச் அடிச்சுக்கிட்டிருந்தோம். நேரா அடிச்சா எழுத்து தெரியாது. சாய்ச்சு அடிச்சா நிழல் விழுந்து எழும்பி வரும்.

புள்ளியை எண்ணறது எப்படின்னு அங்கதான் கத்துக்கிட்டேன். சிதைஞ்ச இடத்தோட அகலத்தைக் கயிறால அளந்து, மேல் வரியிலும் கீழ் வரியிலும் அதே அகலத்துக்கு எத்தனை எழுத்துன்னு பார்க்கணும். மேலே அஞ்சு, கீழே ஆறு. "அஞ்சுன்னு போடுங்க, அடிக்குறிப்புல ஆறும் இருக்கலாம்னு போடுங்க" என்றார் சார். அரை மணி நேர வேலைக்கு விளைச்சல் அரை வரி அடிக்குறிப்பு.

இத்தனைக்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டுல எத்தனையோ கோயில்ல சுத்தம் பண்றேன்னு மணலைப் பீய்ச்சி அடிச்சு எழுத்தைத் தேய்ச்சாச்சு. சுண்ணாம்பு, பெயின்ட் கதை தனி. அப்படிப் போன இடங்களில் அச்சான பாடம்தான் மிச்சம்.

வேர்டோட சிவப்புக் கோடும் சும்மா இல்லை. கல்லுல மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரம் ஏகாரம் வித்தியாசமும் தெரியாது. நாம எழுதற இரட்டைக் கொம்பு 18ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் செஞ்ச திருத்தம். அதனால கல்வெட்டைக் கல்லுல இருக்கறபடி அடிச்சா பிழைதிருத்திக்கு எல்லாமே பிழை. ஊர்ப்பேரும் அப்படித்தான். பழம்பாட்டுல அறைப்பள்ளி, இன்னைக்கு அறப்பளீஸ்வரர். ஒரே சீரா இருக்கட்டும்னு மொத்தமா தேடி மாத்தற பொத்தானை அமுக்கத் தோணும். அமுக்கினா பேர் மாறின வரலாறே காணாமப் போயிடும்.

படங்களுக்கு வந்தா இன்னொரு கூத்து. பக்க அமைப்புக்காரங்களுக்கு ஒரு பழக்கம்: சிற்பம் பக்கத்துக்கு வெளியே பார்த்தா படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடுவாங்க. சினிமா நடிகர் படத்துல யாருக்கும் தெரியாது. நடராஜரைத் திருப்பினா? தூக்கின இடது கால் வலது காலா மாறிடும். வலது காலைத் தூக்கி ஆடறது மதுரை வெள்ளியம்பலத்துல. ஒரு சொடுக்குல சோழர் செப்புத்திருமேனி மதுரைக்குக் குடிபோயிடும். அதனால நாங்க ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'திருப்பக் கூடாது'ன்னு சிவப்புல எழுதி அனுப்பினோம். இடம், வலம்னா சிற்பத்தோட இடம் வலம், பார்க்கறவங்களோடது இல்லைங்கறதையும் சேர்த்து.

நம்ம துறைக்காரங்க இதுல கைவைக்கறது புதுசில்லை. 2004ல் வரலாறு டாட் காம் மின்னிதழைத் தொடங்கின இளைஞர் குழுவுல மென்பொருள்காரங்க இருந்தாங்க. நான் அப்ப ஒண்ணாங்கிளாஸ். தமிழகத் தொல்லியல் கழகம் 1991லிருந்து கொண்டுவர்ற 'ஆவணம்' இதழைக் கையில எடுத்தா, முன்னெல்லாம் கல்வெட்டுப் பாடத்தைத் தாண்டிப்போயிடுவேன். இப்ப அடைப்புக்குறிகளைத்தான் முதல்ல பார்க்கறேன். ஒவ்வொரு அடைப்புக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தர் டார்ச்சோட நின்னிருக்கார்.

கட்டுரை போயாச்சு, மெய்ப்பு போன வாரம் வந்துச்சு. அந்த அஞ்சு புள்ளியும் பத்திரமா இருக்கு. நடராஜர் இடது காலையே தூக்கியிருக்கார். சாரோட பேர்ல மட்டும் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு. "அது பரவாயில்ல தம்பி" என்கிறார். பரவாயில்லையாம்! திருத்தி அனுப்பிட்டேன்.