சோலார் போடப் போனோம், கிராண்ட் தேடி நிக்கிறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. கடைசியில உங்ககிட்ட ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு.

"சோலார் என்னாச்சு? கொடுத்த காசு என்னாச்சு?" என்று வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பிரசாதம் வாங்கும்போதே பல பேர் கேக்கிறீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். முதலில் காசுக்குப் பதில் சொல்லிடுறோம். சோலார் நிதிக்கு இதுவரை வந்தது 18,460 வெள்ளி. அதில் ஒரு காசு கூட நாங்க தொடவில்லை. பேங்க் ஸ்டேட்மெண்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கோம், யார் வேணாலும் பாக்கலாம். காசு இருந்தும் கூரையில் ஏன் ஒரு பேனல் கூட ஏறவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுறோம்.

2025 தைப்பூசம் முடிஞ்ச கையோடு இந்தப் பேச்சு ஆரம்பிச்சது. நம்ம ஆலயத்துக்குக் கரண்ட் பில் மாசம் 1,300 வெள்ளிக்குக் குறையாம வருது. நவராத்திரி மாசம் வந்தா கேக்கவே வேணாம். கூலிம்ல சோலார் பேனல் செய்யிற பேக்டரி இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அங்க வேலை செய்யிற தம்பி ஒருத்தர், "அண்ணே, நாங்க நாள் பூரா பேனல் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புறோம், நம்ம கோயில் கூரை சும்மா வெயில் காயுதே" என்றார். எல்லாருக்கும் அது சரியாப் பட்டது.

கணக்குப் பாத்தோம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரி மூணரை யூனிட் கொடுக்கும். 20 கிலோவாட் போட்டா நாளுக்கு 70 யூனிட், மாசத்துக்கு 2,100 யூனிட். அதுக்கு 35 பேனல் வேணும், கூரையில் நூறு சதுர மீட்டருக்கு மேல இடம் வேணும். நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால கூரை எந்தப் பக்கம் சாஞ்சாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நிழல் விழாம இருந்தா போதும்.

குருக்களையும் கேட்டோம். கருவறை விமானத்துக்குப் பக்கத்திலோ அதுக்கு மேல உயரமாவோ எதுவும் வரக்கூடாது, மகா மண்டபக் கூரையையும் விட்டுடுங்க என்றார். சரியென்று அன்னதான மண்டபத்தைப் பாத்தோம். அங்கே காலையில் பத்து மணி வரைக்கும் ராஜகோபுரத்தின் நிழல் ஒரு மூலையில் விழுது. பேனல்களை வரிசையா இணைக்கிறதால ஒண்ணு மேல நிழல் விழுந்தா அந்த வரிசையே மந்தமாயிடும். அந்த மூலையை விட்டுட்டு மிச்ச இடத்தில் போடலாம் என்று முடிவாச்சு. அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட நிதி கேட்டோம். நீங்களும் அம்மனுக்கு என்று மனசார கொடுத்தீங்க.

அப்போ ஓடிக்கிட்டிருந்த நெம் திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோட முடியப் போகுது என்று அறிவிப்பு வந்துச்சு. அதுக்குள்ள மனு போடணும் என்று எங்களில் மூணு பேர் வேலைக்கு லீவு எடுத்து நகராண்மைக் கழகத்துக்குப் போனோம். கூரை மேல பேனல் போடுறதுக்கு என்ன பாரம் நிரப்பணும் என்று கேட்டோம். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அம்மா நல்ல மாதிரி பேசினார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "கூரை மேல சோலார் போடுறது பெரிய விஷயம் இல்ல. அந்தக் கூரைக்கு அனுமதி வாங்குன பிளான் இருக்கா?"

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னதான மண்டபம் 1998-இல் நம்ம ஆளுங்களே சனி ஞாயிறில் கட்டினது. பிளானும் இல்ல, தகுதிச் சான்றிதழும் இல்ல. "சரி, இப்ப பிளான் போடலாம். நிலத்துக் கிராண்ட் கொண்டு வாங்க" என்றார். கிராண்டும் நம்மகிட்ட இல்ல.

நிலத்தின் லாட் நம்பரை வைத்து அவரே கணினியில் தேடிப் பாத்தார். மாவட்டத்தின் ரன்சாங்கான் தெம்பத்தானில், அதாவது உள்ளூர்த் திட்ட வரைபடத்தில், நம்ம ஆலயம் நிக்கிற இடம் விவசாய மண்டலம். அடுத்த வாரம் நில அலுவலகத்தில் காசு கட்டித் தேடியதில் கிராண்டிலும் விவசாயம் என்றுதான் இருக்கு. உரிமையாளர் ஒரு கம்பெனி. நம்ம அம்மன் எழுபது வருஷத்துக்கு மேல குடியிருக்கிற இடம், காகிதத்தில் இன்னும் ரப்பர் தோட்டம்.

பெரியவங்களுக்கு இந்தக் கதை தெரியும். பால் மரம் வெட்டினவங்க துரைகிட்ட வாய் வார்த்தையா அனுமதி வாங்கி, மரத்தடியில் சூலம் நட்டு ஆரம்பிச்ச கோயில். தோட்டம் கை மாறிச்சு, லயம் இடிஞ்சது, வீடமைப்பு வந்தது. கோயிலை யாரும் தொடவில்லை, ஆனா கோயிலுக்கு என்று நிலத்தைப் பிரிச்சும் கொடுக்கவில்லை. நாடு பூரா தோட்டத்துக் கோயில்கள் பலதுக்கும் இதே கதைதான்.

எங்களுக்குப் புரிஞ்ச வரைக்கும் இந்தச் சட்டம் எப்படி வேலை செய்யுது என்று சொல்றோம். பல ஆலய நிர்வாகத்துக்கு இது தெரியாது, எங்களுக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. மூணு அடுக்கு இருக்கு. முதல் அடுக்கு நிலம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் விவசாயம், கட்டடம், தொழில் என்று மூணு வகை. கிராண்டில் என்ன வகை, என்ன நிபந்தனை எழுதியிருக்கோ அதுக்குத்தான் நிலத்தைப் பயன்படுத்தணும். மாத்தணும் என்றால் நில உரிமையாளர்தான் மனு போடணும், அதுக்குப் பிரிமியம் கட்ட வேண்டி வரும். நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். இரண்டாவது அடுக்கு மண்டலம். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், 172-ஆவது சட்டம் என்று சொல்வாங்க. உள்ளூர்த் திட்டத்தில் அந்த இடம் எதுக்கு என்று போட்டிருக்கோ, அதுக்கு மாறா எதுவும் கட்டக்கூடாது. திட்டமிடல் அனுமதியும் வாங்கணும். மூணாவது அடுக்கு கட்டடம். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அது 133-ஆவது சட்டம். பிளான் அங்கீகாரம் இல்லாம கட்டடம் எழுப்பக்கூடாது. சோலார் என்பது இந்த மூணுக்கும் மேல வர்ற நாலாவது படி. நாங்க நாலாவது படியில் கால் வைக்கப் போய், கீழே மூணும் இல்லை என்று கண்டுபிடிச்சோம்.

திரும்பி வரும்போது வண்டியில் ஒருத்தர் கோபப்பட்டார். "கோல கெட்டில், குருண், புக்கிட் செலம்பாவ் பக்கம் எல்லாம் ஏக்கர் கணக்கா சோலார் பண்ணை போட்டிருக்கான். நமக்கு ஒரு கூரைக்கு இவ்வளவு பேச்சா?" கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. கோல கெட்டில்லயும் குருண்லயும் இருக்கிற பண்ணைகள் ஒவ்வொண்ணும் 50 மெகாவாட். நம்ம 20 கிலோவாட்டைப் போல 2,500 மடங்கு. ஆனா யோசிச்சுப் பாத்தா, பண்ணை போடுறவன் முதல் பேனல் நடுறதுக்கு முன்னாடியே நிலம், மண்டலம், அனுமதி என்று ஒவ்வொரு காகிதத்தையும் முடிச்சாகணும். இல்லாட்டி பேங்க் கடன் கொடுக்காது. நாம பக்தியில் முதலில் கட்டிட்டு, காகிதத்தை அம்மன் பாத்துக்குவா என்று விட்டுட்டோம். தப்பு யார் மேலயும் இல்ல, நம்ம மேலதான்.

அந்த நேரத்தில் ஒரு குத்தகையாளர் வந்தார். 62,000 வெள்ளிக்குக் கொட்டேஷன் போட்டு, "காகிதம் எல்லாம் பின்னால பாத்துக்கலாம் அண்ணே, முதல்ல டெபாசிட் கட்டுங்க, யாரு கூரை மேல ஏறிப் பாக்கப் போறா?" என்றார். மறைக்காம சொல்றோம், நிர்வாகக் கூட்டத்தில் பாதிப் பேர் சரியென்று சொல்லும் நிலைமைக்கு வந்துட்டாங்க. ஜூன் 30 நெருங்கிக்கிட்டிருந்தது.

வேணாம் என்று நாங்க நின்னதுக்குக் காரணம் இதுதான். 35 பேனலும் இரும்புச் சட்டமும் சேர்ந்தா ஒரு டன்னுக்கு மேல கனம். அன்னதான மண்டபத்துக் கூரை மரச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கொடுக்க எஞ்சினியர் யாரும் இல்ல. கீழே ஞாயிற்றுக்கிழமை சமயப் பிள்ளைங்க உக்காந்து சாப்பிடுறாங்க. நாளைக்கு ஏதாவது தீப்பிடிச்சா, பிளான் இல்லாத கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் பேசாது. அதைவிடப் பெருசு, நிலம் நம்ம பேர்ல இல்ல. உரிமையாளர் சம்மதம் இல்லாம கூரையில் பளபளவென்று பேனலை ஏத்திட்டு யாராவது புகார் கொடுத்தா, விசாரிக்க வர்றவங்க பேனலோட நிறுத்திக்க மாட்டாங்க. மண்டபத்தைக் கேப்பாங்க, அப்புறம் கோயிலையே கேப்பாங்க. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கப் போய் அம்மன் இடத்தை ஆட்டம் காண வைக்க எங்களுக்கு மனசு வரல. டெபாசிட் கட்டவில்லை. நெம் திட்டமும் போயிடுச்சு. அந்த வருத்தம் எங்களுக்கும் இருக்கு.

2026 ஜனவரி 1 முதல் சோலார் அதாப் என்ற புதுத் திட்டம் வந்திருக்கு. இதில் மிச்ச கரண்டுக்குக் கிடைக்கிற கழிவு அந்தந்த மாசத்தோட முடிஞ்சுடும், அடுத்த மாசத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அதனால நம்ம உபயோகத்துக்கு மேல பெருசா போட்டுப் பயனில்ல. கதவு மூடிடலை. ஆனா நமக்கு முதல் வேலை சோலார் இல்ல.

இப்ப நடக்கிற வேலை இது. நிலத்து உரிமையாளர் கம்பெனிக்குக் கடிதம் கொடுத்தோம். அவங்க முடியாது என்று சொல்லல. லைசென்ஸ் உள்ள சர்வேயரை வைத்துக் கோயில் எல்லையை அளந்து வரைபடம் கொண்டு வாங்க, அப்புறம் நிலத்தைப் பிரிக்கிறதைப் பேசலாம் என்று எழுத்தில் பதில் கொடுத்திருக்காங்க. எழுபது வருஷத்தில் நமக்குக் கிடைச்ச முதல் காகிதம் இதுதான். பிரிச்சுக் கொடுத்தா, ஆலயத்துக்கு என்று நில வகையை மாத்த மனு, அப்புறம் மண்டபத்துக்குப் பிளான், எஞ்சினியர் சான்று, கடைசியில் சோலார். ரெண்டு மூணு வருஷம் ஆகலாம்.

சர்வேயருக்குக் காசு வேணும். ஆலயப் பொதுக் கணக்கில் அவ்வளவு இல்ல. சோலார் நிதியில் இருக்கு. ஆனா அது நீங்க சோலாருக்கு என்று கொடுத்த காசு. உங்களைக் கேக்காம அதை எடுக்க எங்களுக்கு உரிமை இல்ல. இதைத்தான் வரப்போகிற ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுக்கு வைக்கப் போறோம். சம்மதம் இல்லாதவங்க ரசீதைக் கொண்டு வந்தா முழுக் காசையும் திருப்பிக் கொடுத்திடுவோம். யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

இந்த விஷயத்தை முதலில் பூ கட்டுற பாட்டிகிட்டதான் சொன்னோம். அவங்க 50 வெள்ளி கொடுத்தவங்க, அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டினவங்க. "நான் அம்மாவுக்கு வெளக்கு எரியட்டும்னு கொடுத்தேன்யா. வெளக்கு வைக்க மொதல்ல எடம் வேணும்ல? எடுத்துக்குங்க" என்றார். பாட்டி சொல்லிட்டாங்க என்பதுக்காக நீங்களும் சரி சொல்லணும் என்று இல்ல. வந்து உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க.

இன்னொரு உதவியும் வேணும். பழைய தோட்டத்து மேனேஜர் கொடுத்த கடிதம், 60, 70-களில் எடுத்த திருவிழாப் படம், பின்பக்கம் தேதி போட்டது, பழைய கரண்ட் பில், ஆலயப் பேரில் வந்த எந்த அரசாங்கக் கடிதமா இருந்தாலும் வீட்டு அலமாரியில் தேடிப் பாருங்க. நமக்கு அது காகிதம் இல்ல, சாட்சி. படம் பிடிச்சு அனுப்பினா போதும், மூலத்தை நீங்களே பத்திரமா வச்சுக்குங்க.

மற்ற ஆலயத்து நண்பர்கள் இதைப் படிச்சா, தயவு செஞ்சு கூரையைப் பாக்கிறதுக்கு முன்னாடி நில அலுவலகத்தில் உங்க லாட் நம்பரைத் தேடிப் பாருங்க. யார் பேர்ல இருக்கு, என்ன வகை, எந்த மண்டலம் என்று தெரிஞ்சுக்குங்க. சும்மா இருக்கும்போது தெரிஞ்சுக்கிறது நல்லது. நோட்டீஸ் வந்த அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டா கையைப் பிசையத்தான் முடியும்.

தப்பா எதாவது எழுதியிருந்தா மன்னிச்சுக்குங்க, தெரிஞ்சவங்க திருத்துங்க. கூட்டத் தேதி அறிவிப்புப் பலகையில் வரும். எல்லாரும் வாங்க.

ஓம் சக்தி. பராசக்தி துணை.