வெந்நீர் வரவில்லை

மனிதர்களில் பச்சைத் தண்ணீர்க்காரர்கள், வெந்நீர்க்காரர்கள் என்று இரண்டே ஜாதிதான். முன்னவர்கள் மார்கழி விடியலிலும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார்கள். கவிழ்த்துக்கொண்டதைப் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்வார்கள். பின்னவர்கள் சித்திரை மாதத்திலும் ஒரு சொம்பு வெந்நீர் விளாவாமல் உடம்பில் தண்ணீர் படவிட மாட்டார்கள். நான் இரண்டாவது ஜாதி. ஆகவே ஸ்நான அறைச் சுவரில் தொங்கும் அந்த வெள்ளைப் பீப்பாயின் தேக ஆரோக்கியத்தில் எனக்கு அக்கறை சற்று அதிகம்.

கீஸர் என்ற பெயர் ஐஸ்லாந்து தேசத்திலிருந்து வந்தது. பூமியைப் பிளந்துகொண்டு பீறிடும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் அது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் வாயு அடுப்பினால் நீரைச் சுட வைக்கும் யந்திரம் ஒன்றைச் செய்து அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். புகை வெளியேற வழி வைக்க மறந்துவிட்டார் மனிதர். வெந்நீரும் அபாயமும் அன்றைக்கே ஒன்றாகப் பிறந்தவை.

நம் வீடுகளில் அதற்கு முன்பே தாமிர பாய்லர் இருந்தது. நடுவில் கரி எரியும் குழாய். அதைச் சுற்றித் தண்ணீர். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். குளிர்ந்த நீர் அடியில் போய்ச் சேர்ந்து, மேலே நிற்கும் சூடான நீரை வெளியே தள்ளுகிறது. இன்றைய கீஸரும் இதே வித்தைதான் செய்கிறது. இது தெரிந்துவிட்டால் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி. மொட்டை மாடித் தொட்டி காலியானால், கீஸருக்குள் 15 லிட்டர் கொதித்துக்கொண்டிருந்தாலும் குழாயில் ஒரு சொட்டு வராது. தள்ளுவதற்கு ஆள் இல்லையே! இது புரியாமல் கீஸரைக் கழற்றி இறக்கிய வீடுகளை நான் அறிவேன். வெந்நீர் நூலாக ஒழுகினாலும் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே தண்ணீர் போகும் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா, ஷவரின் துவாரங்களில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறதா என்பதைத்தான்.

"சூடே ஏறவில்லை" என்பது அடுத்த புகார். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2,000 வாட் காயிலுக்குப் பதினேழு நிமிஷம் ஆகும். அது 230 வோல்ட் இருந்தால். சாயங்காலம் மின்சாரம் 180-க்கு இறங்கிவிட்டால் காயிலின் பலம் கால் பங்கு குறையும் என்றுதான் தோன்றும்; அப்படியல்ல, ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். பதினேழு நிமிஷம் இருபத்தெட்டு ஆகும். கீஸர் நிரபராதி.

விளக்கு எரிந்தும் நீர் சில்லென்றே இருந்தால் காயில் அறுந்திருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு (ஸ்விட்சை மட்டுமல்ல, மெயினையே) காயிலின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்தால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் காயில் போயிற்று. காயில் நன்றாக இருந்தால், அளவுக்கு மீறிச் சூடானபோது கட்-அவுட் விழுந்திருக்கும். அடி மூடியைக் கழற்றினால் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் உயிர் வரும். மறு வாரமும் விழுந்தால் மறுபடி அழுத்தக் கூடாது. சூட்டை அறிந்து நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் தூங்குகிறது என்று அர்த்தம்; அதை மாற்ற வேண்டும். இன்னொன்று: புதுக் காயில் போட்ட கையோடு ஸ்விட்சைத் தட்டாதீர்கள். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் கொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே தட்டலாம். வெறும் பீப்பாயில் காயில் நொடியில் கருகும்.

உறுமல் சத்தம் கேட்டால் சுண்ணாம்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடு பட்டதும் பிரிந்து காயிலின்மேல் ஓடு கட்டிக்கொள்கிறது. வெந்நீர்த் தவலையின் அடியில் பாறையாகப் படிந்ததே, அதே சரக்கு. பாட்டி புளித் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத் தேய்ப்பாள். கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கிறார்களே, அதைக் கரைத்து, கழற்றிய காயிலை ஊறப் போட்டால் நுரைத்துக்கொண்டு இளகும். உளியால் தட்டுகிறவர்கள் உண்டு. அவர்களை வீட்டுக்குள் விடாதிருப்பது உத்தமம். காயிலின் தாமிர உறையில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், அடுத்து நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு அதுவே தொடக்கமாகும்.

எங்கள் பெரியம்மாவுக்கு 81 வயது. விடியற்காலை நாலரைக்கு ஸ்நானம். ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "குழாயைத் தொட்டா விரல்லே சுருக்குன்னு கிள்றதுடா. நாலு நாளா இருக்கு. வயசாச்சோன்னோ, நரம்புத் தளர்ச்சியாக்கும்னு இருந்துட்டேன்."

நான் டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். உள்ளே செம்பொட்டு எரிந்தது.

வந்த எலக்ட்ரீஷியன் சுறுசுறுப்பான பையன். காயிலில் விரிசல் என்று அரை மணியில் கண்டுபிடித்து, புதிது போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினான். டெஸ்டர் எரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் அதோடு திருப்தி அடைந்திருப்பார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மின்சாரம் கசிந்தால் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும் என்றுதானே மூன்றாவது கம்பியே வைத்திருக்கிறார்கள்? அது ஏன் பெரியம்மாவின் விரலைத் தேடி வந்தது?

தெருக்கோடியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒயர்மேன் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வந்தேன். பேசவே இல்லை. பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து, அதன் ஒரு கம்பியைப் பிளக்கின் உயிர் முனையிலும் மற்றதை எர்த் முனையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. பிளக் பலகையைக் கழற்றினார். பச்சைக் கம்பி எங்கும் சேராமல், சுருட்டிச் சுவருக்குள் செருகப்பட்டிருந்தது. வீடு கட்டினபோதே அப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

"காயில் எல்லாருக்கும் விரியும் ஸார், அது பெரிசில்லே" என்றார். "இது இல்லாம எத்தனை வருஷம் குளிச்சீங்க, அதுதான் பெரிசு."

பெரியம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அவருக்கு ஒரு டம்ளர் காபி கலந்துகொண்டு வந்தாள்.

அன்றே கம்பியைச் சேர்த்து, மெயினில் கசிவுக் காவல் ஸ்விட்ச் ஒன்றும் போட்டோம். 30 மில்லி ஆம்பியர் வழி தவறினாலே பட்டென்று விழுந்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். எதிர் வீட்டில் இதே ஸ்விட்ச் கீஸர் போட்ட உடனே விழுகிறது என்று, அதைக் கழற்றிவிட ஒருவர் யோசனை சொன்னாராம். குரைக்கிற நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறக்கும் யோசனை! விழுகிறது என்றால் காயில் கசிகிறது. மாற்ற வேண்டியது காயில்.

சொட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீஸர் சுடும்போது கீழே பாதுகாப்பு வால்விலிருந்து கொஞ்சம் நீர் சொட்டினால் கலங்க வேண்டாம். 15 லிட்டர் சூடேறும்போது ஒரு டம்ளர் அளவு பருக்கும். அந்த உபரிக்கு இதுவே வாசல். இதை ஏதாவது பூச்சு வைத்து அடைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே நாளில் கைவிட்டு, இதுவும் அடைபட்டிருந்தால், உள்ளே நீர் ஆவியாகி 1,600 மடங்கு இடம் கேட்கும். சுவர் அதைக் கொடுக்காது.

பீப்பாயின் உடம்பிலிருந்தே ஒழுகினால் மட்டும் வைத்தியம் இல்லை; துரு தின்றுவிட்டது. அது நேராமலிருக்க உள்ளே ஒரு மக்னீஸியக் கம்பி வைக்கிறார்கள். துரு இரும்பை விட்டுவிட்டு முதலில் அதைத் தின்னும். 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் தாமிரத் தகட்டைக் காக்கச் சொன்ன உபாயம் இது. உப்புத் தண்ணீர் வீடுகளில் விரல் பருமன் கம்பி சீக்கிரமே ஊசியாகிவிடும். கீஸர் வாங்கும்போது லிட்டரைக் கேட்கிறோம், நட்சத்திரத்தைக் கேட்கிறோம். இந்தக் கம்பி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பில் போடுவதற்கு முன் அதையும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.